உப்பில்லாத நாற்பத்தொன்று

மெஷின் அக்காவின் காதுக்குத் தப்பி அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு தும்மல்கூடப் போனதில்லை. யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்தார்கள், எந்த முனைவர் எந்த முனைவரின் வணக்கத்துக்குத் தலையசைப்பதை நிறுத்திவிட்டார், லிஃப்ட்டில் அழுதது யார், அழவைத்தது யார் எல்லாம் காலை பத்து மணிக்குள் அவளிடம் வந்து சேர்ந்துவிடும். பத்தரைக்குள் மற்றவர்களிடம் போய்ச் சேர்ந்தும்விடும். சம்பளம் வாங்குவது என்னவோ மூன்றாவது மாடியில் ஓர் இயந்திரத்தை ஓட்டுவதற்கு.

இயந்திரம் ஒன்றும் பெரிய சமாசாரம் இல்லை. கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு, நடுவே ஒரு சொட்டு. மேல்தட்டு கண்ணுக்கே தெரியாத அளவுக்கு இடமும் வலமுமாகத் திரும்பும். சொட்டு எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று பார்த்து ஓர் எண்ணைச் சொல்லும். அவ்வளவுதான். அந்தச் சொட்டுக்குள் இருப்பதுதான் விஷயம்.

நம் உடம்பின் செல் வெறும் தண்ணீர்ப் பை அல்ல. அப்படி இருந்திருந்தால் தோளில் கைபோட்ட மாத்திரத்தில் பொத்துக்கொண்டு ஒழுகியிருப்போம். உள்ளே புரத இழைகள் வலை பின்னியிருக்கின்றன. தோலின் செல்லில் இருப்பது கெரட்டின். முடிக்கும் நகத்துக்கும் அந்தச் சரக்குதான். மெல்ல இழுத்தால் வளைந்து கொடுக்கும், பலமாக இழுக்க இழுக்க விறைக்கும், இரண்டு மடங்கு நீண்டாலும் அறாது. "எங்கம்மா மாதிரி. கெஞ்சினா இறங்கி வருவாங்க, மிரட்டினா அசைய மாட்டாங்க" என்று மெஷின் அக்கா புதிதாக வருபவர்களுக்கு விளக்குவாள். பாடப்புத்தகத்தைவிட இது நன்றாக மனசில் நிற்கிறது என்று சொல்பவர்கள் உண்டு.

இந்தப் புரதத்தில் ஒரே ஓர் இடம் பிசகிப் பிறக்கும் குழந்தைகளுக்குச் சட்டைக் காலர் உரசினாலே கொப்புளம் கிளம்பிவிடும். பிசகிய இழை பலவீனமானது, அதனால்தான் தோல் கிழிகிறது என்று உலகமே நினைத்துக்கொண்டிருந்தது. இல்லை என்று சொன்னவன் அங்கேயே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அக்காவின் தங்கை புருஷன். அக்கா "மாப்பிள்ளை" என்று கூப்பிடப்போய் மாடி முழுக்க அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது, ஒரு கூட்டத்தில் லேபின் தலைவி மேடமே வாய்தவறி "மாப்பிள்ளை என்ன நினைக்கிறார்?" என்று கேட்டு வைத்தார். நல்ல கெரட்டின், பிசகிய கெரட்டின் இரண்டையும் அளந்தால் இரண்டும் நாற்பது, நாற்பத்தொன்று பாஸ்கல். பலம் ஒன்றுதான்; கோளாறு இழையில் இல்லை, இழை செல்லின் சுவரோடு முடிச்சுப் போடும் இடத்தில் இருக்கிறது. இதுதான் மாப்பிள்ளையின் கண்டுபிடிப்பு. ஆறு வருடம், நான்கு கட்டுரை, அத்தனை அளவும் மெஷின் அக்காவின் கையால் எடுத்தது. வேறு ஏதோ ஊரில் ஒரு கூட்டத்தார் நல்ல கெரட்டினுக்கே எட்டுதான் வருகிறது, ஒன்பதுதான் வருகிறது என்று எழுதியபோது மூன்றாவது மாடியில் எல்லாரும் சிரித்தார்கள்.

"அவங்களுக்குக் கை சுத்தம் பத்தாது" என்றார் மேடம்.

சுத்தத்தில் மேடம் பெரிய கண்டிப்பு. பதினோரு வருடத்துக்கு முன் சோப்பு ஒட்டியிருந்த ஒரு குடுவையால் மூன்று மாத வேலை பாழானதிலிருந்து, அந்த லேபுக்குள் சோப்பு என்ற பேச்சே கூடாது. கண்ணாடிச் சாமான் எல்லாம் வெறும் தண்ணீரில் மூன்று முறை, பிறகு சுத்தத் தண்ணீரில் மூன்று முறை. கைகழுவக்கூட வராந்தாவுக்குப் போக வேண்டும்.

இப்போது அந்த நாளுக்கு வருவோம். மாலை மூன்று மணிக்குக் கீழே அரங்கத்தில் மாப்பிள்ளையின் உரை. தேர்வுக்குழு முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கும். பிடித்தால் நிரந்தர வேலை. ஒன்பது வருடமாக வருடத்துக்கு ஓர் ஒப்பந்தம், நான்கு வாடகை வீடு, மகளுக்கு மூன்று பள்ளிக்கூடம் என்று தங்கை சாமான் கட்டிக் கட்டியே ஓய்ந்துபோயிருந்தாள். இந்த வேலை கிடைத்தால் அக்காவும் தங்கையும் ஒரே ஊரில் கிடந்து சாகலாம். கிடைக்காவிட்டால் அடுத்த மாதமே வேறு ஊர்.

காலை ஒன்பதரைக்கு மாப்பிள்ளை கதவில் தலையை நீட்டினான்.

"அண்ணி, பிசகினதுல புது பேட்ச் வந்திருக்கு. ஒரே ஒரு தடவை ஓட்டிடுங்களேன். கடைசி ஸ்லைடுல போட்டுக்கறேன்."

"போங்க மாப்பிள்ளை, போய் முதல்ல தலைய வாருங்க. பறவை கூடு கட்டிடப் போகுது."

அவள் ஐஸ்பெட்டியிலிருந்து புரதக் குப்பியை எடுத்தாள். வேலை எளிது. புரதம் கரைசலில் சும்மா மிதந்துகொண்டிருக்கும். ஒரு துளி உப்புக் கரைசலைச் சேர்த்தால்தான் ஒன்றோடொன்று கோத்து இழையாகும், இழைகள் பின்னி வலையாகும். உப்பைச் சேர்த்ததும் சொட்டைத் தட்டில் விட்டு, காயாமலிருக்க ஈரப்பஞ்சு வைத்த மூடியைக் கவிழ்த்து, ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். உப்புக்குக் குட்டிக் குட்டியான சிவப்பு மூடிக் குப்பிகள், ஒரு தடவைக்கு ஒன்று.

அவள் கை உப்புக்குப் போகும் நேரம் பார்த்து வெளியே மேடத்தின் குரல் கேட்டது. போனில் பேசுகிறார். "முடிவாயிடுச்சு" என்றார். "இன்னிக்கே சொல்லிட்டாங்க. பாவம், அவனுக்குத் தெரியாது."

மெஷின் அக்காவின் உடம்பில் உள்ள அத்தனை செல்லும் காதாக மாறின. யாருக்குத் தெரியாது? என்ன முடிவு? கதவோரம் போய் நின்றாள். காலடி நகர்ந்து போய்விட்டது. மேற்கொண்டு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. திரும்பி வந்து சொட்டைத் தட்டில் விட்டாள், மூடினாள், மணி பார்த்தாள்.

பத்தே முக்காலுக்கு இயந்திரம் எண்ணைச் சொன்னது. நாற்பத்தொன்று. மாப்பிள்ளைக்குச் செய்தி அனுப்பினாள். கைகூப்பும் பொம்மைகள் ஏழு வந்தன.

பிறகு தட்டைத் துடைத்தாள், மேஜையை ஒழுங்குபடுத்தினாள், ஐஸ்பெட்டியை மூடப்போனாள். சிவப்பு மூடிக் குப்பி ஐஸில் குந்தியிருந்தது. முத்திரை கிழியவில்லை. உப்பு கழுத்து வரைக்கும் இருந்தது.

அவள் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஆட்டிப் பார்த்தாள். குப்பைத்தொட்டியைக் கவிழ்த்து வேறு சிவப்பு மூடி கிடக்கிறதா என்று தேடினாள். நேற்றைய மூடி மூன்று கிடந்தது. இன்றையது ஒன்றுகூட இல்லை.

உப்பே போடவில்லை. உப்பு இல்லாவிட்டால் இழை இல்லை. இழை இல்லாத சொட்டு வெறும் தண்ணீருக்குச் சமம். தண்ணீருக்கு எங்கிருந்து வந்தது நாற்பத்தொன்று?

இயந்திரத்துக்குத்தான் கிறுக்கு பிடித்துவிட்டது என்று முதலில் நிம்மதிப்பட்டாள். புரதமே கலக்காத வெறும் கரைசலை வைத்து ஓட்டினாள். பூஜ்யம். இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது. நல்ல புரதத்தை எடுத்தாள், வேண்டுமென்றே உப்பு போடாமல் வைத்தாள். மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வராந்தாவில் இரண்டு பேர் யாரையோ பற்றிக் குசுகுசுத்துக்கொண்டு போனார்கள். யார் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதிலிருந்தே நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

நாற்பத்திரண்டு.

கைபேசி விளக்கைப் போட்டு, குனிந்து, இரண்டு தட்டுக்கும் நடுவே சொட்டின் ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்தாள். காற்றுப்படும் இடத்தில் மெல்லிய ஏடு. ஆறின பாலில் படிவதுபோல, அதைவிட மெல்லிசாக, மேல்தட்டு அசையும்போதெல்லாம் சுருங்கி விரிந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் தண்ணீர். முரண்டு பிடித்ததெல்லாம் அந்த ஏடுதான். புரதம் நல்லதானாலென்ன, பிசகினதானாலென்ன, காற்றைக் கண்டால் மேலே வந்து ஒரே மாதிரி படிகிறது. அதனால்தான் இரண்டுக்கும் ஒரே எண். ஆறு வருடமாக ஒவ்வொரு முறையும் அவள் தட்டைத் தூக்கும்போது அந்த ஏடு டிஷ்யூ காகிதத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் "சீ" என்று துடைத்துப் போட்டிருக்கிறாள்.

மாப்பிள்ளை காலி வகுப்பறையில் நாற்காலிகளுக்கு உரையாற்றிக்கொண்டிருந்தான். தலை வாரியிருந்தது.

"மாப்பிள்ளை, கொஞ்சம் மேல வாங்க."

"அண்ணி, இப்பவா? இன்னும் முடிவுரை பாக்கியிருக்கு."

"முடிவுரைதான் மேல இருக்கு. வாங்க."

படியேறும்போதே சொல்லிவிட்டாள். அவன் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டான்.

"உப்பு போடலையா? ஆறு வருஷமா போடறீங்க, இன்னிக்கு எப்படி மறந்தீங்க?"

"மேடம் போன்ல பேசிட்டிருந்தாங்க... முடிவாயிடுச்சு, அவனுக்குத் தெரியாது, பாவம்னு... உங்களப் பத்தியோன்னு..."

"அது அவங்க நாய்க்கு ஆபரேஷன், அண்ணி!"

"எனக்கெப்படித் தெரியும்?"

"ஊருக்கெல்லாம் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒரே விஷயம் அதுதான்."

இருவருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை.

அவன் குனிந்து விளக்கைப் பிடித்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். நிமிர்ந்தான். "ஏடுன்னா சோப்பு பட்டதும் உடையணும்" என்றான். தன் கழுத்துக்கான கயிற்றின் நீளத்தைத் தானே சொல்லிக் கொடுப்பதுபோல இருந்தது. "கைகழுவற சோப்பு ஆகாது. சுத்தமான சோப்புக் கரைசலுக்கு எங்க போறது?"

எதிர் லேபில் மூன்றாவது அலமாரியில், பழைய காலண்டருக்குப் பின்னால், லேசான சோப்புக் கரைசல் இருப்பது அக்காவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாத அலமாரி கிடையாது. கொண்டுவந்தாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சொட்டின் ஓரமாக வளையம்போல ஒரு துளியைச் சுற்றிவிட்டாள். அந்த லேபுக்குள் பதினோரு வருடத்தில் நுழைந்த முதல் சோப்பு.

திரையில் எண் நாற்பத்திரண்டு. பிறகு முப்பது. பதினேழு. நான்கு. பூஜ்யம்.

யாரோ மாடியைக் காலுக்கடியிலிருந்து உருவிக்கொண்டதுபோல இருந்தது அக்காவுக்கு. நான்கு கட்டுரை. அந்தக் கட்டுரையை நம்பி, முடிச்சைச் சரிசெய்யும் மருந்தைத் தேடி, எங்கேயோ இரண்டு மருத்துவமனைகளில் ஆட்கள் வேலை செய்கிறார்கள். பூஜ்யம்.

"அண்ணி, யாருக்காவது சொன்னீங்களா?"

"இல்ல."

அவன் முதல்முறையாக நிஜமான ஆச்சரியத்தோடு அவளைப் பார்த்தான்.

"நல்லது ஒண்ணு, பிசகினது ஒண்ணு. உப்போட, சோப்போட. நீங்க ஓட்டுங்க. ரெண்டும் முடிய எவ்வளவு ஆகும்?"

"மூணரையாவது ஆகும். உங்க பேச்சு மூணுக்கு."

"தெரியும்."

"என்ன பேசப் போறீங்க?"

"அதுதான் தெரியல" என்று போய்விட்டான்.

நல்ல கெரட்டின் இரண்டு மணிக்கு ஒன்பது என்றது. அந்த எண்ணைப் பார்த்ததும், கை சுத்தம் பத்தாது என்று இவர்கள் சிரித்த வேற்றூர்க்காரர்கள் நினைவுக்கு வந்து அக்காவுக்குக் காது சுட்டது. பிசகியதைத் தட்டில் வைத்து மூடினாள். சரியாக அப்போது கதவைத் திறந்துகொண்டு தங்கை வந்து நின்றாள். இஸ்திரி கலையாத உடுப்பு, நெற்றியில் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, பொண்ணப் பள்ளிக்கூடத்துல சேர்த்துட்டே வந்துட்டேன். அஞ்சாவதுலேர்ந்து பத்தாவது வரைக்கும் இங்கயேன்னு எழுதிக் கொடுத்துட்டேன். அவருக்குச் சொல்லாதே, வேலை கிடைச்சப்புறம் சொல்லி அசத்தணும். என்ன, வாயத் தொறக்க மாட்டேங்கற? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"பொய். நான் வந்து ரெண்டு நிமிஷம் ஆச்சு, நீ யாரப் பத்தியும் ஒண்ணும் சொல்லல. ஜுரமா?"

வாழ்க்கையில் எந்த ரகசியத்தையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அடைகாக்காதவள் மெஷின் அக்கா. இன்று இருப்பதிலேயே பெரிய செய்தி தொண்டையில் நிற்கிறது, கேட்க ஆளும் எதிரே நிற்கிறது, வார்த்தை வரவில்லை. சொன்னால் இவள் ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டு, இன்றைக்கு ஒரு நாள் வாயை மூடு என்பாள். அவன் கேட்டும்விடுவான். ஒன்பது வருடச் சாமான் கட்டுதலுக்கு எதிராக ஒரு துளி சோப்பு எந்த மூலைக்கு?

"நீ போ. முன்னாடி இடம் கிடைக்காது. எனக்கு மெஷின் ஓடுது" என்றாள்.

"இன்னிக்குமா மெஷின்? தங்கச்சி புருஷன் பேசறான், வந்து உக்கார முடியாதா உனக்கு?"

"முடியாது."

தங்கை முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள்.

கட்டடத்தின் சரித்திரத்திலேயே பெரிய சம்பவம் இரண்டு மாடிக்குக் கீழே நடந்துகொண்டிருக்க, மெஷின் அக்கா ஈரப்பஞ்சு மூடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிக்குக் கைதட்டல் கேட்டது. பிறகு மாப்பிள்ளையின் குரல், வார்த்தை புரியாத முணுமுணுப்பாக. இரண்டு தடவை கதவு வரை போனாள், இரண்டு தடவையும் திரும்பி வந்தாள். மூன்று இருபதுக்கு முணுமுணுப்பு நின்றது. கைதட்டல் வரவில்லை. அப்புறம் ஒரே நேரத்தில் பல நாற்காலிகள் இழுபடும் சத்தம்.

தங்கை படியேறி வந்த சத்தத்தில் கதவே நடுங்கியது.

"உனக்குத் தெரியுமா? சொல்லு. தெரியுமா?"

அக்கா இயந்திரத்தின் பக்கம் திரும்பினாள்.

"கடைசி ஸ்லைடு போட்டார். எல்லாரும் தலையாட்டினாங்க. அந்தக் குழுவுல வெள்ளத் தாடி ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே எழுதிக்கறார். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அப்போ இவர், 'இந்த நாற்பத்தொண்ணுல உப்பு இல்ல'ங்கறார். யாருக்கும் புரியல. 'இதுல இழையே இல்ல. நாங்க ஆறு வருஷமா அளந்தது மேல படிஞ்ச ஏட்டை'ன்னுட்டார். அக்கா, ஒரு சத்தம் இல்ல. தாடிக்காரர் பேனாவுக்கு மூடி போட்டார். அந்த டக்குங்கற சத்தம் எனக்குக் கேட்டுது."

"மேடம்?"

"எழுந்து நின்னாங்க. உக்காரத் தெரியாம நின்னுட்டே இருந்தாங்க." தங்கையின் குரல் உடைந்தது. "நீதான் கண்டுபிடிச்சியாமே. உன் பேரைச் சொன்னார். மத்தியானம் நான் இங்க வந்து நின்னேனே, அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஊர்ல நாய் குட்டி போட்டாக்கூட எனக்கு போன் பண்ணிச் சொல்லுவியே! இதச் சொல்ல மாட்டியா?"

"சொன்னா நீ தடுத்திருப்ப."

"தடுத்திருப்பேன்தான்! ஒரு நாள்! நாளைக்குச் சொல்லிக்கலாமே! அந்தப் புரதம் நாளைக்கு வரைக்கும் காத்திருக்காதா?"

இயந்திரம் மெல்லச் சிணுங்கியது. திரையில் பிசகியதன் எண் வந்து நின்றது. இரண்டு.

மாப்பிள்ளையும் மேடமும் உள்ளே வந்தபோது இரண்டு சகோதரிகளும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடத்தின் கண் முதலில் போனது மேஜைமேல் இருந்த சோப்பு பாட்டிலுக்கு. படுக்கையில் பாம்பைக் கண்டவரைப்போல நின்றார். "சோப்பு..." என்றார். "என் லேபுல."

"எவ்வளவு அண்ணி?" என்றான் மாப்பிள்ளை.

"நல்லது ஒன்பது. இது ரெண்டு."

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "ரெண்டா? நாலு மடங்குக்கு மேல வித்தியாசம். அப்போ இழைதான் பலவீனம். எல்லாரும் முதல்ல சொன்னதுதான் சரி. நான்தான்..." என்று ஆரம்பித்து, மேஜைக் காலைப் பார்த்து, "பலமா இழுத்துப் பார்த்தீங்களா? ரெண்டும் விறைக்குதா?" என்று கேட்டான்.

"வேலை போயிடுச்சு, இழுத்துப் பார்த்தீங்களாங்கறாரே!" என்று தங்கை மேடத்திடமே முறையிட்டாள். மேடம் அவளைப் பார்த்தார். யார் இவள், இது என்ன கட்டடம், நான் யார் என்பதுபோல ஒரு பார்வை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "நாலு கட்டுரையையும் வாபஸ் வாங்கணும். அந்த ரெண்டு மருத்துவமனைக்கும் இன்னிக்கே எழுதணும். யார் கையால அளந்ததுன்னு கேப்பாங்க."

"என் கைதான்னு எழுதுங்க" என்றாள் அக்கா.

"சோப்பே கூடாதுன்னது யாருன்னும் கேப்பாங்க" என்றார் மேடம். நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

வேலை இன்னொருவருக்குப் போனது. மீன் செதிலைப் பற்றி உரையாற்றியவராம். அதைக்கூட மெஷின் அக்கா மற்றவர்கள் வாயிலிருந்துதான் கேட்டாள். மாடி முழுக்க இப்போது அவளைப் பற்றித்தான் பேச்சு. அவள் வந்தால் நின்றுவிடும். இத்தனை வருடம் மற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியவந்தது. தெரிந்து என்ன, பழக்கம் விடுமா? தன் கீழ்வீட்டுக்காரர் பெண்டாட்டியைப் பிரிந்த செய்தியை வழக்கம்போல அவள்தான் முதலில் சொன்னாள்.

தங்கை மட்டும் போனை எடுக்கவில்லை. எட்டு நாள். உலகத்தின் சமாசாரமெல்லாம் வந்து சேர்ந்தது, தங்கை வீட்டுச் சமாசாரம் ஒன்றும் வரவில்லை. மாப்பிள்ளை லேபுக்கு வந்தான், சோப்பு வளையம் போட்டு அளந்தான், எழுதினான். வீட்டைப் பற்றி அவனிடம் கேட்க, கேள்விக்குப் பேர்போன அவளுக்கே தைரியம் வரவில்லை. ஒன்பதாவது நாள் மத்தியானம் போன் அடித்தது.

"வேற ஊர்ல ஒரு இடம் கிடைச்சிருக்கு அவருக்கு. ஒரு வருஷம்தான்" என்றாள் தங்கை. முன்னுரை கிடையாது. "அந்த ஒன்பதுன்னு எழுதினாங்களே, அவங்கதான் கூப்பிட்டிருக்காங்க."

"அவங்களா? நாம சிரிச்சோமே, அவங்களா?"

"அவங்களேதான். நாலு மடங்குன்னு அவங்களுக்கு எழுதிக் கேட்டாராம், வந்து அளங்கன்னுட்டாங்க. பள்ளிக்கூடத்துல போய் பேரை எடுத்துட்டு வந்தேன். அந்தம்மா ஏன்னு கேட்டா. உப்பு போடலன்னு சொன்னேன். பைத்தியம்னு நினைச்சிருப்பா."

"நான் ஒண்ணு சொல்லவா?"

"சொல்லாதே. கோபம் இன்னும் இருக்கு. நாளைக்குக் காலைல வா, பாத்திரமெல்லாம் கட்டணும். என்னால ஒத்தையா முடியாது. வர்றப்ப பழைய பேப்பர் கொண்டு வா, நிறைய. அப்புறம்..." தங்கை தயங்கினாள். "உன் கீழ்வீட்டுக்காரங்க பிரிஞ்சுட்டாங்களாமே. நிஜமா?"

"போன்ல வேண்டாம்" என்றாள் மெஷின் அக்கா. "நாளைக்கு நேர்ல சொல்றேன்."